ஓடைப் பக்கம் திரும்பிய கேமரா

ஒரு பெண் தன் பிள்ளையை இழந்ததற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுத்து வைத்த கொழுந்து, லொறி வருவதற்குள் களவு போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தை நிர்வகித்த துரை கேமரா வாங்கினார். இடம் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார். மடுவத்தின் கூரை மூலையில் வைத்தால் சாக்குகள் மட்டும்தான் தெரியும் என்றார் ஹட்டனிலிருந்து வந்த கேமராக்காரர். மேட்டுக் கம்பத்தில் வைத்தால் மடுவம், பாதை, கீழே ஓடை வரை எல்லாமே ஒரே படத்தில் விழும். நான் கம்பத்தைக் காட்டினேன்.

அந்த ஓடைக்கரைப் புல் மறைவில்தான் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒதுங்குவார்கள். மலையில் கழிப்பறை இல்லை. இது எனக்குத் தெரியும். அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில நாளில் இரண்டு பெண்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்கள். ஒருத்தி கர்ப்பிணி. அவள்தான் பேசினாள்.

"ஐயா, அந்தக் கேமராவ மடுவத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க."

"களவெடுக்காதவங்களுக்கு என்னம்மா பயம்?" என்று சிரித்தேன்.

அவள் தலை குனிந்துகொண்டாள். கூட வந்தவள் விடவில்லை. "அப்ப ஐயா வீட்டுக் கக்கூசுலயும் ஒண்ணு மாட்டுங்க. களவெடுக்காத ஆளுதானே!"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே கேமராவைத் திருப்பாமல் விட்டேன்.

அதன் பிறகு பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். மலை இறங்கும் வரை அடக்கிக்கொண்டார்கள். ஒரு நாள் அந்தக் கர்ப்பிணி காய்ச்சலில் நடுங்கி மலையிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். சிறுநீரில் கிருமி பரவிச் சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார் டாக்டர். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று தாதி அதட்டினார்.

"குடிச்சா ஒதுங்க எடமில்லீங்க மிஸ்ஸி," என்றாள். பக்கத்தில் நின்ற என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, அன்றே இறந்துபோனது.

துரையிடம் உண்மையைச் சொல்லிக் கேமராவைக் கூரை மூலைக்கு மாற்றினேன். கொழுந்து திருடியவன் அந்தச் சின்னப் படத்திலேயே அகப்பட்டான். மலையில் என் செலவில் ஒரு கழிப்பறை கட்டுவித்தேன். பெண்கள் இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் என்னோடு பேசாமல் வெளியே போய்விட்டார். புல் மறைவு எதற்கென்று தெரிந்தேதான் கேமராவை அங்கே வைத்தேன் என்று அவளிடம் சொன்னேன்.

"ஐயாவுக்குத் தெரியும்னு எங்களுக்கும் தெரியுங்க," என்றாள். "வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்ல, ஐயாவே புரிஞ்சுக்குவாருன்னுதான் ஒங்ககிட்ட வந்தோம்."

கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த வயதிலும், என்னை நம்பித்தான் அவர்கள் அந்த ஜன்னலுக்கு வந்தார்கள் என்ற நினைவு, அந்தப் பிள்ளையின் சாவைப் போலவே என்னை விடுவதில்லை.