ஆல்டர்ஷா தொகுதியின் விடுபட்ட தேர்தல்

போன கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. தொகுதி எல்லைகளை மாற்றுகிறார்களாம். நான் இத்தனை வருடமாக வாக்குப் போட்டு வந்த தொகுதியின் பெயர் இனி இல்லையாம். எங்கள் தெரு பக்கத்துத் தொகுதியோடு போய்விடுமாம். சனிக்கிழமை கெல்லிவில்லில் இருந்து மகன் சேந்தன் வந்தபோது காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தான். “இட்ஸ் ஒன்லி எ நேம், அம்மா” என்றான். அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பதில் மட்டும் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இங்கிலிஸில்தான் வரும்.

பெயர்தான். ஆனால் ஒரு தொகுதி இல்லாமல் போவதை நான் இரண்டாவது தடவையாகப் பார்க்கிறேன். முதலாவதை நான் கண்ணால் கண்டதேயில்லை. அது இங்கிலாந்தின் வடக்கே, நூல் ஆலைகள் நிறைந்த ஓர் ஊர். ஆல்டர்ஷா என்று பெயர். அங்கே எந்தத் தெரு எந்தக் கட்சிக்குப் போடும், எந்தத் தேவாலயத்துக்காரர் மழை பெய்தால் வாக்குப் போட வரமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு ஒருகாலத்தில் தலைகீழ்ப் பாடம். அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாறு முழுவதையும் நான்தான் தட்டச்சில் அடித்தேன். ஒவ்வொரு பக்கமும் மூன்று பிரதி. சமைக்கும்போதுகூட விரல்களில் கார்பன் தாளின் மணம் இருக்கும். இவர், என் கணவர், ஒருநாள் சோற்றைக் கையில் எடுத்துவிட்டு, “இண்டைக்கு எந்த வருசத்துத் தேர்தலை அவிச்சனீர்?” என்று கேட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். இவருக்குப் பொறியியல் வேலை. வென்ட்வேர்த்வில்லில் ஒரு பலகை வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் வாடகைக்குக் கிடைத்தன. இன்றைக்கு அந்த ஸ்டேஷனில் இறங்கினால் கொத்துரொட்டி மணக்கிறது. அப்போது கறிவேப்பிலைக்குக்கூட வழியில்லை. தெருவில் ஒரு தமிழ்க் குரல் கேட்காது. பகல் முழுக்க நானும் கைக்குழந்தையும்தான். குழந்தை என்றது இந்தச் சேந்தனைத்தான்.

முன்பக்கம் வீட்டுக்காரர் லம்லியும் அவர் மனைவியும் இருந்தார்கள். இருவரும் எழுபதை நெருங்கியவர்கள். பிள்ளைகள் இல்லை. மிஸ்டர் லம்லி இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஆல்டர்ஷாவை விட்டு வந்து, இங்கே ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இருந்த காலத்தில் ஒரு கட்சியின் தேர்தல் முகவர். அவருடைய தகப்பனாரும் அதே வேலைதான். நான் கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள் என்று தெரிந்த அன்றைக்கே, ஒரு சூட்கேஸ் நிறையக் கையெழுத்துத் தாள்களோடு என் வாசலில் நின்றார். நான் தட்டும் நேரம் குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக மிஸிஸ் லம்லி சொன்னார். எனக்கு அது போதும். பேச்சுத் துணை இல்லாத ஊரில் முன்னூறு பக்கம் தட்டச்சுகூடப் பெரிய கொண்டாட்டம்தான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசியது இங்கிலிஸ், அதுவும் எனக்குப் பாதி விளங்காத வட இங்கிலாந்து இங்கிலிஸ். ஆனால் என் நினைவில் அவர்கள் இருவரும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள். எப்படி மாறியதென்று தெரியாது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்து ஆறு மாதம் ஆனவுடன் என்னை வாக்காளர் பட்டியலில் சேர்த்ததும் மிஸ்டர் லம்லிதான். அந்த நாளில் இலங்கையில் பிறந்த எங்களையும் இங்கே பிரித்தானியப் பிரஜை என்றே கணக்கெடுத்தார்கள். “நீரும் பிரித்தானியப் பிரஜை, நானும் பிரித்தானியப் பிரஜை. வாரும்” என்று தன் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இங்கே வாக்குப் போடாவிட்டால் அபராதம் என்பது அவருக்குத் தீராத வேடிக்கை. “எங்கடை ஊரிலை ஒவ்வொருத்தரையும் வீட்டு வாசல்லை போய், கெஞ்சி, காரிலை ஏத்திக் கொண்டுபோய் இறக்கவேணும்” என்பார். கார் என்ற சொல் வந்தால் மிஸிஸ் லம்லி எழுந்து குசினிக்குள் போய்விடுவார். நான் அதை அப்போது கவனிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓர் அத்தியாயம் என்று எழுதியிருந்தார். வேட்பாளர்கள் யார், கூட்டத்தில் யார் முட்டை எறிந்தார்கள், எந்த ஆலை முதலாளி எந்தப் பக்கம் சாய்ந்தார், எல்லாம் இருந்தன. தட்டிக்கொண்டு போகும்போது முப்பதுகளில் ஒரு தேர்தலைக் காணவில்லை. முந்திய அத்தியாயத்தில் வென்றவர் ஒருவர். அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். ஒரு தாள் தவறிவிட்டது என்று நினைத்துக் கேட்டேன்.

“அந்தத் தேர்தலிலை எழுத ஒண்டுமில்லை” என்றார். “நாங்கள் கொஞ்ச வாக்கிலை தோத்தம். அவ்வளவுதான்.”

நான் அடுத்த தாளைச் செருகினேன்.

ஒரு மத்தியானம் நான் தட்டிக்கொண்டிருந்தேன். மிஸிஸ் லம்லி சேந்தனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“பிள்ளைக்கு மேல் சுடுகுது” என்றார்.

“ஓம், காலமையும் கொஞ்சம் சுட்டது. இன்னும் மூண்டு வரிதான் கிடக்கு, முடிச்சிட்டுப் பாக்கிறன்.”

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பி, தட்டச்சில் இருந்த தாளை ஒரே இழுவையில் உருவி எறிந்தார். தாள் பாதியாய்க் கிழிந்தது. அந்த அமைதியான மனுசியிடம் அப்படி ஒரு குரல் இருந்ததை அன்றுதான் கேட்டேன்.

“எழும்பும்! மூண்டு வரியோ? எழும்பி இப்பவே டொக்டரிட்டைப் போம்!”

தானும் கூடவே வந்தார், வீட்டுச் செருப்போடு. குழந்தைக்குக் காதில் சீழ், வேறொன்றுமில்லை. மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து வரும்போது, ஒரு வீட்டு மதிலில் உட்கார்ந்து சொன்னார்.

அவர்களுக்கு மார்ஜரி என்று ஒரு பெண்பிள்ளை இருந்தாள். வயது நாலு. தேர்தல் நாளன்று தொண்டை அடைத்து மூச்சு விடமுடியாமல் போயிற்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டொக்டர். ஆஸ்பத்திரி ஐந்து மைல் தூரம். அம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. அந்த வட்டாரத்தில் அன்றைக்கு ஓடித்திரிந்த ஒரே கார், கட்சிக்காரர் ஒருவர் கொடுத்தது, மிஸ்டர் லம்லியின் கையில் இருந்தது. அதில் அவர் வாக்காளர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

“பின்னேரம் கரி விக்கிறவரை அனுப்பினன். அவர் என்ரை மனுசன் ஆர்தரைத் தேடிப் பிடிச்சுச் சொன்னவர். ஆர்தர் உடனை வந்தவர். ஆனா பிந்திப் போச்சுது. வேட்பாளர் பூ வளையம் அனுப்பினவர். பிள்ளையின்ரை பேரை மேரி எண்டு எழுதியிருந்தது.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதைத் தட்டி அந்த இடத்திலை வையும். அந்தத் தேர்தலும் நடந்ததுதானே?” என்றார்.

நான் தட்டினேன். அவர் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் ஒரு பக்கம். வருட ஒழுங்கில் அது வரவேண்டிய இடத்தில் வைத்து, மற்றத் தாள்களோடு மிஸ்டர் லம்லியிடம் கொடுத்தேன். வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன்.

நாலைந்து நாள் அவர் வெளியே வரவில்லை. பிறகு ஒரு காலை, மிஸிஸ் லம்லி கடைக்குப் போயிருந்த நேரம், தாள் கட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்:

‘மத்தியானமே பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் வந்து சொன்னாள். இரண்டு பேரை இறக்கிவிட்டு வருகிறேன் என்றேன். என்னைக் காணவில்லை என்று நெல்லிடம் சொல்லச் சொன்னேன். அதன்பின் வாக்காளர்களை ஏற்றிக்கொண்டு நான்கு தடவை ஓடினேன். நெல்லுக்கு இது தெரியாது.’

நெல் என்றது மிஸிஸ் லம்லியை. நான் அதை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. எனக்கு அப்போது வயது இருபத்தாறு. உலகத்தில் உள்ள எல்லா மனத்தையும் நோகாமல் வைத்திருப்பது என் பொறுப்பு என்று நினைத்த வயது.

மிஸிஸ் லம்லிக்குக் கண்ணில் புரை. எழுத்து வாசிக்கமுடியாது. கடையால் வந்தவுடன் மேசையடியில் நின்றார். கூடையைக்கூட இறக்கவில்லை.

“திருப்பித் தந்திட்டாரோ? வாசியும், கேப்பம்.”

வாசித்தேன். தட்டியதை மட்டும் வாசித்தேன்.

“அவர் ஏதும் எழுதினவரோ?”

“இல்லை. ஒரு கமாவைத் திருத்தியிருக்கிறார்.”

அந்தக் கமா என் சொந்தச் சரக்கு.

“கமாவோ” என்றார். பிறகு உள்ளே போய் உருளைக்கிழங்கு சீவத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே அந்தப் பக்கத்தைப் புதிதாகத் தட்டினேன், பென்சில் வரிகள் இல்லாமல். பழைய தாளை வீட்டு வளவின் பின்பக்கத்தில் குப்பை எரிக்கும் செங்கல் அடுப்பில் போட்டேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. யூகலிப்டஸ் சருகோடு சேர்ந்து ஒரு நொடியில் எரிந்துவிட்டது. பெரிய புண்ணியம் செய்தவள் போலக் கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

ஒரு கிழமை கழித்து மிஸ்டர் லம்லி, உடுப்புக் கொடியடியில் என்னைத் தனியே கண்டு கேட்டார்.

“நெல்லுக்கு வாசிச்சுக் காட்டினனீரோ?”

“ஓம்.”

“ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

இரண்டும் உண்மைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு அந்த வீட்டின் முன்பக்கத்தில் சத்தம் இன்னும் குறைந்தது.

சில மாதங்களில் ஆல்டர்ஷாவில் இருந்து அவர் தங்கையின் கடிதம் வந்தது. தொகுதியை இரண்டாக வெட்டி, அக்கம்பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள். வாக்குச்சீட்டில் இனி அந்தப் பெயர் வராது. மிஸ்டர் லம்லி சத்தமாக வாசித்துவிட்டு, “அப்ப புத்தகம் முடிஞ்சுது” என்றார். கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்தான். தட்டி முடித்ததும் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டதாக ஒரு வரியில் அச்சடித்த அட்டை வந்தது. அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து, வெஸ்ட்மீட் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இன்னும் எழும்பாத அந்த நாளில், பரமட்டாவுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

மிஸிஸ் லம்லி முதியோர் இல்லத்துக்குப் போனார். நாங்களும் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சேந்தனைக் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போவேன். அவன் அப்போது அந்த இல்லத்து நடைபாதையில் ஓடித்திரிவான். அப்படி ஒரு ஞாயிறு, அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சொன்னார்.

“நான் ரெண்டு பேரை அனுப்பினனான், பிள்ளை.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பினன். அவள் வந்து, அவரைக் காணேல்லை எண்டவள். பிறகு செத்தவீட்டிலை என்ரை காலைப் பிடிச்சு அழுது உண்மையைச் சொன்னவள். அண்டையிலை இருந்து எனக்குத் தெரியும். அவர் தானாச் சொல்லட்டும் எண்டு இருந்தன். நாப்பது வருசம் இருந்தன். உமக்குச் சொல்லேக்கை வேணுமெண்டுதான் அவளை விட்டுட்டுச் சொன்னனான். அவள் இல்லாத அந்த இடத்தைக் கண்டிட்டாவது எழுதுவார் எண்டு. மனுசன் கமாவைத் திருத்திப்போட்டுத் தந்தது.”

நான் அழுதேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் எழுதினார், பென்சிலால் எழுதினார், நான்கு தடவை ஓடியதையும் எழுதினார், நான்தான் மறைத்தேன், நான்தான் எரித்தேன் என்றேன். ஒவ்வொரு வரியாக ஒப்பித்தேன். அவருக்கு வாசித்துக் காட்டினேனா என்று மிஸ்டர் லம்லி வந்து கேட்டதையும் சொன்னேன்.

மிஸிஸ் லம்லி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

“நீர் நல்ல பிள்ளை” என்றார். “எனக்காக இவ்வளவு யோசிச்சு வந்து சொல்லுறீர்.”

அவர் நம்பவில்லை. அதன்பிறகும் எத்தனையோ ஞாயிறு போய்ச் சொல்லிப் பார்த்தேன். “விடும் பிள்ளை” என்பார். ஆறுதலுக்காக நான் கட்டிய கதை என்று நினைத்தபடியே, எழுபதுகள் முடியும் முன் அவரும் போய்விட்டார்.

அந்தப் பலகை வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு. அடுப்பு இருந்த மூலையில் கார் நிறுத்துகிறார்கள். ஆல்டர்ஷாவின் ஆலைகள் இடிபட்டுவிட்டனவாம். என் சுத்தமான பிரதி அந்த ஊர் நூலகத்தில் எங்காவது கிடந்தால், அதை எடுத்து வாசிக்கும் யாருக்கும் ஒரே ஒரு ஆள்தான் போய்ச் சொன்னார், லம்லி உடனே வந்தார் என்றுதான் தெரியும். முதலில் போய்ச் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் அதில் இல்லை. பென்சிலால் எழுதியவர் இல்லை. நாற்பது வருடம் அந்த வரிகளுக்காகக் காத்திருந்த மனுசியும் இல்லை.