சிம்சோனுக்கு இரண்டாம் சவரம்

நேர்காணலுக்கு முந்தின நாள் முடி வெட்டப் போன இடத்தில்தான் இதை எழுதுகிறவனுக்கு அவர் அறிமுகமானார். பேருக்குக்கூடத் தலையில் ஒரு முடி இல்லாத முடிதிருத்துநர். தெருவே அவரை மொட்டை அண்ணன் என்றுதான் கூப்பிடும். வலப்பக்கம் வெட்டி முடித்தவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "தம்பி, பைபிள்ல வர்ற சிம்சோன் விஷயத்துல அவன் எதிரிங்க பெலிஸ்தர் எங்க கோட்டை விட்டானுங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பாதித் தலையோடு எழுந்து ஓடவா முடியும்?

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு மொட்டை அண்ணன் கடையிலேயே குடியிருந்தார். சாய்வு நாற்காலிதான் கட்டில், முடி விழாமல் கழுத்தில் கட்டும் துணிதான் போர்வை. இனிக் குடிக்கமாட்டேன் என்று தேவாலயப் பீடத்துக்கு முன்னால் மனைவிக்குக் கொடுத்த வாக்கை, சிநேகிதன் வீட்டில் கிரிக்கெட் பார்க்கப் போன இடத்தில் காற்றில் பறக்கவிட்டிருந்தார். மனைவி தையல்காரர், கத்தரிப்பதில் இவருக்குச் சளைத்தவரல்ல. இவருடைய துணிமணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். ஞாயிறு மாலை முறைவைத்து வீட்டுக்கு வீடு வேதம் வாசிப்பார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். யார் வந்தாலும் தடுக்கக் கூடாது. முறை தையல்காரர் வீட்டுக்கு வந்ததும் மொட்டை அண்ணன் மழமழவென்று சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"விருந்தாளி."

"விருந்தாளி ஜெபத்தோட கிளம்பிடணும்."

அன்றைக்கு வாசித்தது சிம்சோன் கதை. முடியில் பலம் வைத்திருந்தவனைத் தெலீலாள் தூங்கவைத்துச் சிரைக்கச் செய்து பெலிஸ்தரிடம் பிடித்துக் கொடுக்க, அவர்கள் கண்ணைப் பிடுங்கிச் சிறையில் மாவரைக்கப் போட்ட கதை. எல்லோரும் தெலீலாளைத் திட்டித் தீர்த்தார்கள். மொட்டை அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் முறை வந்தது.

"கண்ணப் பிடுங்கினதும் ஒரு சின்ன வரி வருதே, யாரும் பாக்கலையா? சிரைச்ச முடி மறுபடி முளைக்க ஆரம்பிச்சுதாம். முடின்னா முளைக்கத்தான் செய்யும். முளைக்கலேன்னா நான் எப்படிப் பிழைக்கிறது? அவ்வளவு பெரிய கூட்டத்துல, ரெண்டாம் சவரத்துக்கு ஆள் கூப்பிடணும்னு ஒருத்தனுக்கும் தோணல!"

வீடு சிரித்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மறந்தது அவனுங்கதான், தேவன் மறக்கல. இவன் ஜனத்தை விடுவிக்க ஆரம்பிப்பான்னு பிறக்கும் முன்னாலயே சொல்லியிருந்தார். சிம்சோன் தன் பக்கத்துப் பொருத்தனையெல்லாம், தேவனுக்குக் கொடுத்த வாக்கையெல்லாம், தூக்கிப் போட்டான். அவர் தன் சொல்லைத் தூக்கிப் போடல. சத்தமே இல்லாம, சிறைக்குள்ள, ஒவ்வொரு முடியாத் திருப்பிக் கொடுத்தார். உடன்படிக்கைன்னா அது."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க. முடி முளைச்சப்ப அவன் என்ன வேலை பார்த்துட்டிருந்தான்?"

"அது வந்து... மாவு அரைச்சுட்டு."

"முளைச்ச உடனே விலங்கைக் கழட்டி வீட்டுக்கு அனுப்பினாங்களா?"

மொட்டை அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"தேவன் சொன்ன சொல் மாறமாட்டார்னு எனக்கும் தெரியுங்க. அதை நம்பித்தான் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போட்டிருக்கேன், பூட்டுப் போடல. அவர் முளைக்க வைக்கட்டும். முளைக்கிறதை நான் பார்க்கணும். அதுவரைக்கும் அரைங்க."

"அக்கா, அந்தத் தலையில முளைக்கிறவரைக்கும்னா ஆயுசுக்கும் ஆகாதே!" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். தையல்காரர் சிரிப்பை மறைக்க முந்தானையைத் தேடினார்.

மறுநாளிலிருந்து கடை மூடியதும் மொட்டை அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு வந்து ஆஜராவார். "ஊதுங்க" என்பார் மனைவி. ஊதுவார். முகர்ந்து பார்த்துவிட்டு, வாரின துணித்துண்டுகளைக் கொட்டவும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் அனுப்புவார். சிநேகிதன் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் "அரைக்கிற வேலை இருக்கு" என்று மழுப்பினார். இப்படியே ஒரு கோடைகாலம் கழிந்தது. ஒரு சாயங்காலம் ஊதுவதற்கு வாயைக் குவித்தவரிடம், "போதும், உள்ள வாங்க, சோறு ஆறுது" என்று மனைவி தாழ்ப்பாளை எடுத்தார்.

இப்போது மொட்டை அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். குடிப்பதில்லை. கடையைக் காலையில் திறந்து, இருட்டும் முன்னால் சாத்திவிடுகிறார்.