சில்லு முட்டுவதற்கு முன்

பலாலி ஓடுதளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில், வாசல் மேசைமேல் ஒரு பெரிய பிஸ்கட் தகரம் இருந்தது. பறக்கப் போகிறவர்கள் தங்கள் கைபேசியை அதற்குள் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். மூடியின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. ஒன்பது மாணவர்களின் பெயர்கள், ஒன்பது கைபேசிகளின் பூட்டைத் திறக்கும் இலக்கங்கள், வீட்டில் யாருக்கு அழைக்கவேண்டும் என்ற விபரம் எல்லாம் அதில் உருண்டை எழுத்தில் இருந்தன. எழுதியவர் அண்ணை. எங்கள் ரகசியமெல்லாம் சந்திக்கு வந்துவிட்டது என்று நாங்கள் முறைப்பட்டபோது, "உங்கட போனிலை அப்பிடி என்ன ரகசியம் கிடக்கு? ஆராவது மெசேஜ் அனுப்பினால்தானே" என்று சொல்லிச் சிரித்தார்.

அண்ணை என்றாலும் அவரும் எங்களோடு படித்த மாணவர்தான். வல்வெட்டித்துறைக்காரர். ஒன்பது பேரிலும் வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணை. தகப்பன் நோயில் போய்விட்டார். தாய்க்கு ஒரே பிள்ளை. மானிப்பாயில் தேவாலயமும் பாடசாலையுமாக வளர்ந்த பெண்ணான எனக்கு, கடற்கரையில் வளர்ந்த அவருடைய துணிச்சல் முதலில் எரிச்சலைத்தான் தந்தது. பறப்பதில் அவருக்கு அடங்காத ஆசை. இறங்கியதும் போதும் என்று சொல்லமாட்டார். "கப்டன், இன்னொரு சுத்து" என்று பயிற்றுநரிடம் கெஞ்சுவார். அநேகமாக அவருக்கு அது கிடைக்கும். அதனால் வீட்டுக்குப் பிந்திப் போவார், தாயிடம் ஏச்சு வாங்குவார், அடுத்த நாள் அந்த ஏச்சை எங்களுக்கு நடித்துக் காட்டுவார்.

நாங்கள் சேர்ந்த முதல் வருடத்தில், தெற்கே வேறொரு பள்ளியின் பயிற்சி விமானம் விழுந்து ஒரு மாணவன் இறந்துபோனான். அவனை எனக்குத் தெரியும். கொழும்பில் சோதனை எழுதப் போனபோது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன். என்னுடைய அழிறப்பரை வாங்கித் திருப்பித் தர மறந்துபோனவன். செய்தி வந்த அன்று நாங்கள் ஒன்பது பேரும் அவனைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் கதைக்கவில்லை. காற்று எந்தப் பக்கம், எந்த உயரத்தில் திரும்பினான், எரிபொருளைப் பார்த்தானா இல்லையா என்று மட்டும் மணிக்கணக்காகக் கதைத்தோம். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இறந்தவன் ஏதோ பிழை விட்டான் என்று கண்டுபிடித்தால்தான் எங்களால் அடுத்த நாள் ஏற முடியும். அந்தப் பிழையை நாங்கள் விடமாட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடியும். கண்டுபிடித்தோம், ஏறினோம்.

வீட்டிலிருந்த தாய்மாருக்கு அந்த வசதி இல்லை. அந்தக் கிழமை முழுவதும் பிஸ்கட் தகரம் அலறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வானத்தில், கைபேசிகள் தகரத்துக்குள், எடுக்க ஆளில்லை. என்னுடைய அம்மா ஓட்டோ பிடித்துப் பள்ளி வாசலுக்கே வந்து நின்றார். அப்போதுதான் அண்ணை அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தார். பறக்கிறவர் இறங்கியதும், நிலத்தில் நிற்கிற ஒருவர் அவருடைய கைபேசியிலிருந்தே வீட்டுக்கு ஒரு ரிங் கட் கொடுக்கவேண்டும். ஒருதரம் அடிக்கவிட்டு நிறுத்துவது. அவ்வளவுதான், கதை ஒன்றும் தேவையில்லை. இறங்கியவருக்கோ விமானத்தை ஒதுக்கி நிறுத்தி, கடதாசிகள் நிரப்பி வெளியே வர அரை மணித்தியாலம் ஆகும். அந்த அரை மணித்தியாலம் ஒரு தாய்க்கு நீளமானது என்று அவர் சொன்னார். விமானத்தின் சக்கரம் தரையைத் தொடுவதுபற்றி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "சில்லு நிலத்திலை முட்டினாப் பிறகுதான் அடிக்கோணும். அதுக்கு முன்னம் ஒருத்தரும் அடிக்கப்படாது."

மாதங்கள் போக எனக்கு அந்த நிபந்தனை தளர்ந்துவிட்டது. நான் நிலத்தில் நிற்கிற நாட்களில் மேசையில் ஒரு சின்ன றேடியோ இருக்கும். கிழக்கே கடற்பக்கம் பயிற்சிக்குப் போகிறவர்கள் திரும்பும்போது, தொண்டைமானாற்றுக்கு மேலே வந்ததும் அறிவிப்பார்கள். அங்கிருந்து ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிடலாம். அந்தக் குரலைக் கேட்டவுடனேயே நான் ரிங் கட் கொடுத்துவிடுவேன். பாடப்புத்தகத்தை விட்டு எழும்பி ஓடுதளத்தை எட்டிப் பார்க்கப் பஞ்சி, வெறும் சோம்பல். ஐந்து நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அந்த நாளுக்கு முதல்நாள், தெற்கே இன்னொரு பயிற்சி விமானம் வயலில் இறங்கிய செய்தி வந்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வயலில் விமானம் என்ற இரண்டு சொல்லுக்குப் பிறகு எந்தத் தாய்க்கும் காது கேட்பதில்லை. அண்ணை அன்று தனியாகப் பறக்கப் போயிருந்தார். அவருடைய கைபேசி தகரத்துக்குள் மூன்றுதரம் அடித்து ஓய்ந்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. நாலு மணி தாண்டியதும் றேடியோவில் அண்ணையின் குரல் வந்தது. தொண்டைமானாற்றுக்கு மேலே நிற்கிறேன், இறங்க வருகிறேன் என்று, வழமைபோல ஆறுதலாக. நான் அவருடைய கைபேசியை எடுத்து ரிங் கட் கொடுத்தேன்.

அவர் இறங்கவில்லை. இயந்திரம் நின்று விமானம் கடலில் விழுந்தது என்று பிறகு அறிக்கை வந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் றேடியோவின் இரைச்சல் மட்டும்தான். கப்டன் இரண்டுதரம் கூப்பிட்டார், மூன்றாம்தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மீன்பிடிக்கப் போன வள்ளக்காரர்கள்தான் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

வல்வெட்டித்துறைக்குச் சொல்லப் போனவர்களுக்கு அந்த அம்மா தேத்தண்ணீர் போடப் போயிருக்கிறார். "இல்லை, அவன் இறங்கிட்டான். ரிங் கட் வந்தது" என்று சொல்லிக் கைபேசியைக் காட்டியிருக்கிறார். அது பழைய அழைப்பாக இருக்கும் என்று அவர்கள் திரையை உற்றுப் பார்க்கவில்லை. உடலைக் கொண்டுவந்து வைத்த பிறகு அவருடைய பேச்சு மாறியது. "இறங்கினவன் ஏன் திரும்ப ஏறினவன்? நான் இஞ்சை காத்துக்கொண்டிருக்கிறன் எண்டு தெரியாதோ அவனுக்கு?" கேட்டவர்கள் எல்லோரும் துக்கத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்தார்கள். ஒருதரம்தான் ஏறினார் என்று கப்டன் சொன்னதை, பள்ளியைக் காப்பாற்றச் சொல்லும் பொய் என்று அந்த அம்மா தள்ளிவிட்டார். இன்னொரு சுத்துக் கேட்கிற பிள்ளை என்பது அவருக்குத் தெரியாததா? அது பிதற்றல் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை.

எட்டுச் செலவுக்குப் போனேன். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. கணவாய்க் கறி, இறால் பொரியல், முட்டை என்று சொந்தக்காரப் பெண்கள் குசினியில் நின்று சமைத்தார்கள். அந்த அம்மா ஒன்றிலும் கை வைக்கவில்லை. "நீங்கள் படையுங்கோ. என்னை நினைக்காதவனுக்கு நான் என்னத்துக்கு?" என்று சொல்லி முற்றத்தில் போய் இருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வாழையிலையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

பள்ளியில் நாங்கள் எட்டுப்பேரும் பழையபடி பிழை தேடத் தொடங்கினோம். அண்ணையில் ஒரு பிழையும் அகப்படவில்லை. இரண்டு பேர் விட்டுவிட்டுப் போனார்கள். நான் விடவில்லை. துணிச்சல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கீழே நிற்பதற்கு எனக்கு இருந்த பயம் அவர்களுக்குத் தெரியாது. படித்து முடித்து ஒரு விமானக் கம்பனியில் துணை விமானியாகச் சேர்ந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மாவைப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொருதரமும் அவர் அதே கேள்வியைக் கேட்பார், நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். நாலு வருடம் இப்படிப் போனது.

இந்த வருடம், எங்கோ ஒரு நாட்டில் விமானம் விழுந்து, அந்தக் காட்சி எல்லோர் கைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்த கிழமையில், பழைய பள்ளியிலிருந்து அழைத்தார்கள். புதிய மாணவர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள், வந்து இரண்டு வார்த்தை கதையுங்கள் என்றார்கள். போனேன். எதையோ கதைத்தேன். ஒரு பிள்ளை, "அக்கா, இப்பிடிச் செய்தி வந்தால் நீங்கள் என்ன செய்வியள்?" என்று கேட்டது. பிழை தேடுவோம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் பக்கத்தில் இருந்தவன், "நாங்கள் ரிங் கட் குடுக்கிறனாங்கள் அக்கா. சில்லு முட்டினாப் பிறகுதான் குடுப்பம். முந்தி இஞ்சை படிச்ச ஒரு அண்ணை வைச்ச சட்டமாம்" என்று பெருமையோடு சொன்னான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வல்வெட்டித்துறைக்குப் போனேன்.

அந்த அம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

"அம்மா, அண்டைக்கு ரிங் கட் அடிச்சது நான். அண்ணை இறங்க முதலே அடிச்சிட்டன். றேடியோவிலை குரல் கேட்ட உடனை அடிச்சனான்."

அவர் மிளகாயைப் பரப்புவதை நிறுத்தவில்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைவரை பரப்பி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப அவன் திரும்ப ஏறேல்லையோ?"

"இல்லை அம்மா. ஒருக்காத்தான் ஏறினவர்."

"இன்னொரு சுத்துக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை. வீட்டை வாறதுக்குத்தான் திரும்பினவர்."

அவருக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நாலு வருசமா நான் அந்தப் பிள்ளையை ஏசிக்கொண்டிருக்கிறன்" என்றார். "விடிய எழும்பினால் ஏச்சு. விளக்கு வைக்கேக்கையும் ஏச்சு. நீயும் வந்து வந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தனி." நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப ஒண்டும் கதையாதை. நீ போ பிள்ளை. இனி இஞ்சை வராதை."

அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாலு வருடமாக அண்ணைக்கு விழுந்துகொண்டிருந்த ஏச்சு, இனி எனக்கு விழட்டும். படியில் குந்தி, வந்தபோது அங்கே கழற்றிவிட்ட செருப்பைக் கொழுவினேன். வாரை மாட்ட நேரமெடுத்தது. அந்த அம்மா என்னைத் தாண்டி உள்ளே போனார். உள்ளே, அண்ணையின் படம் மாட்டியிருந்த பக்கம், கதிரை ஒன்றை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையோடு கதைக்கிற மாதிரி, தணிந்த குரலில் அவர் சொல்வது கேட்டது.

"நீ வந்துகொண்டுதானே இருந்தனி, தம்பி."