உலைக்கு ஆள் தேடிய ரேவதி

எங்கள் ஃபேக்டரியில் ரேவதிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்காரன், கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணும் பெண் என்பான். கெலவரப்பள்ளி வாய்க்கால் ஓரம் தக்காளி போடும் அவள் அப்பா, "ஆபீஸ்ல இருக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேன்டீன் நடத்துகிற எனக்குத்தான் சரியாகத் தெரியும். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு வந்து உட்கார்ந்து, களியைப் பிட்டுக்கொண்டே, நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லுவாள்.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஓகேமல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். அத்திப்பள்ளி டிராபிக்கில் பாதி வயசு போய்விடும் என்று பயந்து ஓசூருக்கே வந்துவிட்டாள். எந்த வேலைக்கு எந்த ஆளை அனுப்புவது என்று சொல்லும் புரோகிராமை எழுதி முடித்தால்தான் இங்கே வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி அத்திப்பள்ளி.

"அக்கா, என் புரோகிராம் யாரு என்ன பதவின்னு கேக்காது" என்று ஒருநாள் ஆரம்பித்தாள். "ஃபர்னஸ் வேலைய எழுதும்போது 'கதவத் திற'ன்னு எழுதுனா போதும். கதவு திறக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்னு அதுவே புரிஞ்சுக்கும். அவனுக்கு அதுக்குமேல பத்து வேலை தெரிஞ்சாலும் வேண்டாங்காது."

"எங்க மாமியாருக்கு இந்தப் புத்தி இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. புரோகிராம் பேச்சில் அவளுக்குச் சிரிப்பு வராது.

ஒரு தப்பு நடந்தது. அதற்கு நானும் ஒரு காரணம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் கேட்டில் ஒருவன் நுழைந்ததும் அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் முதலில் கேட்பது களியா சோறா என்றுதான். அட்டெண்டன்ஸ் அதற்குப் பிறகுதான். களிக்கு மாவு கொட்டியபின் கணக்கு மாறினால் நான் பேசுகிற பேச்சு மேனேஜர் அறைவரை கேட்கும். அதற்குப் பயந்து ரேவதி முதலில் எனக்குத்தான் லிஸ்ட் போட்டாள். வெல்டர், ஃபிட்டர், ஃபர்னஸ் ஆள் எல்லாரையும் ஒரே லிஸ்டில் வைக்க வேண்டுமென்றால் எல்லாருக்கும் பொதுவானது மட்டும் மிஞ்சும்படி மீதியை மறைத்துவிட வேண்டுமாம். மிஞ்சியது பேரும் சாப்பாடும். கேட்டைத் தாண்டிவிட்டால் அந்த லிஸ்டுக்குத் தெரிந்தவரை, எங்கள் ஃபேக்டரியில் இருப்பவர்கள் எல்லாரும் சாப்பிடத் தெரிந்தவர்கள். அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் ஒரு காலை சானமாவு ரோட்டில் யானைகள் வந்து நின்றன. ஃபர்னஸ் ஆட்கள் வரும் பஸ் அவற்றுக்குப் பின்னால் நின்றது. யானைக்கு ஷிப்ட் கிடையாது. நைட் ஷிப்ட் ஆட்கள் ஏற்றிவிட்டுப் போன ஒரு லோடு இரும்பு ஃபர்னஸ் உலைக்குள்ளே வெந்துகொண்டிருந்தது. நேரத்துக்கு எடுக்காவிட்டால் அத்தனையும் குப்பை. சிஸ்டம் யார் பேரைத் தருகிறதோ அவன் கார்டுக்குத்தான் ஃபர்னஸ் கதவின் பூட்டு திறக்கும்.

ரேவதி கேன்டீன் மேசையிலேயே லேப்டாப்பை வைத்து, என் லிஸ்டிலிருந்து ஃபர்னஸ் தெரிந்தவனைக் கேட்டு எழுதினாள். கம்ப்யூட்டர் அதை ஓட்டவே மாட்டேன் என்றது. இந்த ஆட்களுக்கு அப்படி ஒரு வேலை தெரியும் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே என்றதாம். சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் வெள்ளைச் சட்டையும் வேர்வையுமாக வந்து நின்றார்.

"ஏம்மா, என்னா ஆச்சு?"

"சார், இந்த லிஸ்ட்ல யாருக்கு என்ன தெரியும்னு இல்ல. மறைச்சத இதுலேருந்து திரும்ப எடுக்க முடியாது."

"ஆளுங்க கண்ணு முன்னால நிக்கறாங்க. எடுக்க முடியாதுங்கற! அத மீறி ஓட்ட வழியே இல்லயா?"

"இருக்குது சார். கண்ண மூடிக்கிட்டு நம்புன்னு ஒரு வார்த்த எழுதலாம். அப்பறம் தெரியுமா தெரியாதான்னு பாக்காம மொத ஆளுக்கே கதவு திறந்துரும்."

"மொத ஆளு யாரு?"

"மாதேஸ்வரன்."

மாதேஸ்வரன் என் தங்கை மகன். நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறான். என்னோடு விடியற்காலை வண்டியில் வருவதால் லிஸ்டில் முதல் ஆள், அவ்வளவுதான் அவன் செய்த பாவம்.

"சார், அவனுக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினேன்.

"கதவு திறக்க என்னா படிப்பா வேணும்? எழுதும்மா" என்றார் கிருஷ்ணப்பன். "முடியாதுன்னா சொல்லிரு. பெங்களூர்ல வேற ஆளு எழுதித் தருவான்."

ரேவதி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அந்த வார்த்தைய எழுத மாட்டன் சார். கேட்லயே மாத்தறன். மறைக்கறதுக்கு முன்னால, ஃபர்னஸ் தெரிஞ்சவங்கள மட்டும் இன்னொரு லிஸ்ட்ல போட்டுக்கறன். அரமணி நேரம் குடுங்க."

"அரமணி நேரத்துல லோடு போயிரும்."

"அப்ப இருவது நிமிசம்."

எழுதினாள். எச்சில்கூட விழுங்காமல் எழுதினாள். நான் அடுப்பில் களி கிளறுவதை விட்டுவிட்டு நின்றேன். என் வாழ்க்கையில் களி கட்டி தட்டியது அன்று ஒரு நாள்தான். முடித்து, காலையில் வந்தவர்களை மறுபடி கேட் வழியாக விட்டாள், கம்ப்யூட்டருக்குள்ளேதான். புது லிஸ்டில் ஒரே ஒரு பேர் வந்தது. கிருஷ்ணப்பன்.

அவர் திரையையே பார்த்தார். "நான் சூப்பர்வைசரும்மா."

"பதவி கேக்கல சார். ஃபர்னஸ் கதவு திறக்கத் தெரியுமான்னுதான் கேட்டன். அங்க வேலை பாத்துதான மேல வந்தீங்க?"

கிருஷ்ணப்பன் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வந்தபோது சட்டை வெள்ளையாக இல்லை. முன்தலை மயிர் கருகியிருந்தது. என் வழக்கப்படி கேட்டேன்: "களியா, சோறா?"

"களி" என்றார். உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை. "அந்தப் பொண்ணு சாப்ட்டாளா? அதோட வேலை கன்ஃபர்மேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டன்."

"லோடு தப்பிச்சுதா சார்?"

"தப்பிச்சுது. கதவத் திறந்ததும் நெருப்பு ஆள் உயரத்துக்கு வெளிய வரும் சென்னம்மா. ஓரமா நின்னு திறக்கணும். எனக்குத் தெரியும், ஓரமாத்தான் நின்னன். அப்பிடியும் மயிரு கருகிப்போச்சு." அடுத்த மேசையைப் பார்த்தார். "அவன் நேரா நின்னிருப்பான்."

அடுத்த மேசையில் மாதேஸ்வரன் தட்டை வழித்து முடித்திருந்தான்.

"பெரிம்மா, இன்னொரு களி. இன்னிக்கு ஏன் கட்டி கட்டியா இருக்குது?"

வேறு நாளாக இருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பேன். இரண்டு உருண்டை வைத்தேன்.