கண்ணாடியில் பார்த்த மொட்டைத் தலை

திருப்பதியில் நாலு மாடி ஜவுளிக்கடைகள் முளைக்க ஆரம்பித்த வருடங்களில்தான் நான் காக்கிச் சட்டை போட்டேன். அதற்கு முன்பு நாகலாபுரத்துப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கவும் நாற்று நடவும் போனவள். வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி வேலை கிடைத்தது. வாரம் ஒருநாள்தான் வருவார். பெண்கள் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் பெண் செக்யூரிட்டி வேண்டும் என்று ஒரு ஜவுளிக்கடையில் கேட்டார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். நாள் முழுக்க நிற்க வேண்டும்தான். ஆனால் நிழலில் நிற்கலாம், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும். சேற்றில் குனிந்து கிடந்தவளுக்கு அது போதாதா?

சேர்ந்ததும் மூன்று நாள் வகுப்பு. எடுத்தவர் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். காக்கி போட்டதும் போலீஸ் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தார். ஒருவர் கண்ணெதிரே திருட்டு நடந்தால் சாதாரண ஆளே பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்கும் அதே அனுமதிதான், அதற்கு மேல் ஒரு முழம் கிடையாது என்றார். பிடித்த ஆளை அடிக்கக் கூடாது, அறையில் பூட்டக் கூடாது, பையைக் குடையக் கூடாது, உடனே போலீஸைக் கூப்பிட வேண்டும். எடுத்ததைப் பார்த்த நொடியிலிருந்து கையைப் பிடிக்கும்வரை ஆளை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பகல். மலையிறங்கிய கூட்டம் அப்படியே கடைக்குள் நுழைந்திருந்தது. நான் இரண்டாம் மாடியில் பட்டுப்புடவைப் பக்கம் நின்றேன். புடவையைத் தோளில் போட்டுப் பார்க்க வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியில் ஒரு பெண்ணின் பின்தலை தெரிந்தது. மொட்டை, அதன் மேல் சந்தனம், மஞ்சள் புடவை. மடிப்புக் கலையாத பட்டு ஒன்று அவள் துணிப்பைக்குள் இறங்கியது. நான் திரும்புவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். ஓடினேன். படியில் ஒரு கல்யாணக் கும்பல் வழியை அடைத்துக்கொண்டு ஏறியது. அவர்களைத் தள்ளிக்கொண்டு நான் இறங்கிய அந்தக் கொஞ்ச நேரம் அவள் என் கண்ணில் இல்லை.

வாசலில் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் மஞ்சள் புடவை, மொட்டை, சந்தனம், துணிப்பை. எட்டிக் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. அடி பாவி, திருப்பதியில் மொட்டையை அடையாளமாக வைத்தா ஆளைப் பிடித்தாய்? அந்தத் தெருவிலேயே இன்னும் எத்தனை மொட்டைகள் போய்க்கொண்டிருந்தன!

அவள் ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். "எம்மா, நான் மாடிக்கே ஏறல. எங்க வூட்டுக்காரரு ஆட்டோ பேசிக்கினு இருக்காரு, அவருக்காவ நின்னுக்கினு இருந்தேன்" என்றாள். கத்தவில்லை. முந்தானையை இழுத்து மொட்டையை மூடிக்கொண்டாள். பெருமாளுக்குக் கொடுத்த தலையை என்னால் மறைத்துக்கொண்டாளே என்று எனக்குச் சுருக்கென்றது.

உள்ளே அழைத்து வந்தேன். மேனேஜர் அவளைக் குடோனில் வைத்துப் பூட்டிப் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னார். முடியாது சார், போலீஸுக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். என்னை முறைத்துக்கொண்டே பண்ணினார். பிறகு என் காதருகே வந்து, போலீஸ் கேட்டால் இவளைத்தான் பார்த்தேன் என்று சொல், இல்லாவிட்டால் நாளைக்கு வராதே என்று தெலுங்கில் சொன்னார்.

வாசலருகே இருந்த பெஞ்சில் அவளும் நானும் உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் புருஷன், அவரும் மொட்டை, உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பலன்னா நீயே தொறந்து பாரு" என்று பையை என் மடிமேல் வைத்தாள் அவள்.

"நாங்க பாக்கக் கூடாது. போலீஸ்தான் பாக்கணும்" என்றேன்.

சட்டம் அப்படித்தான். ஆனால் அவளே கொடுத்த பையை நான் தொடாததற்குக் காரணம் சட்டமில்லை. உள்ளே புடவை இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வேலை போய்விடும், என் மேலேயே கேஸ் வரும், மறுபடி சேறு. உட்கார்ந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். பெருமாளே, இவளே எடுத்திருக்க வேண்டும், அப்படி இருந்தால் உனக்கு மொட்டை போட்டுக்கொள்கிறேன். அவள் என் பக்கத்தில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

பெண் கான்ஸ்டபிள் வந்தார். "கள்ளாரா சூசாவா?" என்றார் என்னிடம். உன் கண்ணாலேயே பார்த்தாயா என்று அர்த்தம். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தத பாத்தேன் மேடம், கண்ணாடியில. மூஞ்சியப் பாக்கல. படியில எறங்கறப்ப கண்ணு வுட்டுப்போச்சு. இவங்கதான்னு என்னால சொல்ல முடியல."

அப்புறம்தான் பையைத் திறந்தார்கள். ஈரத் துண்டு, லட்டு, ஒரு மாத்திரை அட்டை, குழந்தை வளையல். புடவை இல்லை.

புகார் கொடுக்கிறாயா என்று கான்ஸ்டபிள் அவளைக் கேட்டார். "வேணாம்மா, என்ன வுட்டாப் போதும்" என்றாள். கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பி, நீ பூட்டி வைத்திருந்தால் கதையே வேறு என்றார். அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. வேலை போகவில்லை. மறுநாளிலிருந்து என்னைக் கீழே செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் இடத்தில் போட்டார் மேனேஜர்.

வேண்டுதல் பலிக்கவில்லை, ஆகவே பெருமாளுக்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அந்த முழங்கை தூங்க விடவில்லை. அடுத்த விடுமுறையில் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாம்மே இது? அப்படி இன்னா வேண்டிக்கினே, இன்னா குடுத்தாரு பெருமாளு?"

"ஒண்ணும் குடுக்கல" என்றேன். "ஒரு பொம்பள திருடியா இருக்கணும்னு வேண்டிக்கினேன்."