அக்காவின் இருபது சொற்கள்

போன வாரம் கடலூருக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண், மடித்த செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்ப்பது எனக்குப் பிறவிக் குணம், பார்த்தேன். வி, எல், ஒய் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் கொடுத்திருந்தார்கள். மூன்றும் வருகிற மாதிரி, முடிந்த மட்டும் நீளமாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் திடுக்கென்றது. ஐம்பது வருஷம் ஆகியும் இப்படியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

புளியங்கொட்டையைப் பார்த்தால் உங்களுக்குப் பல்லாங்குழி ஞாபகம் வரும். எனக்கு இங்கிலீஷ்தான் ஞாபகம் வரும். எங்கள் அக்கா பிலோமினா கொட்டைகளைத் தேய்த்து, சுண்ணாம்பால் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதி, முறத்தில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்குவாள். பிரெஞ்சுக்காரன் ஊரில் எங்களுக்குப் படிப்பு என்றால் பிரெஞ்சுதான். நான் நொத்தேர் ஆபீசில் பத்திரங்களைப் படியெடுக்கும் குமாஸ்தா. இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட அப்போது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். மெட்ராசில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த மச்சானைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் அங்கே இருந்தாள். மச்சான் காய்ச்சலில் போனபிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரு கனத்த அகராதி. அதைத் தூக்கிக்கொண்டு நெல்லித்தோப்பில் பெரிய அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் சோற்றைப் போடும்போது கரண்டி கொஞ்சம் சத்தமாகத் தட்டும். அக்கா சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன்களைக் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். ஒரு கவுனுக்கு ஒரு வாரம் ஆகும்.

அப்போது மெட்ராசிலிருந்து வரும் ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகையில் போட்டி வைத்தார்கள். இருபது வரிசை எழுத்துகள், இருபது நீளமான சொற்கள். முதல் பரிசு ஒரு தையல் மெஷின்.

"மெஷின் வந்துட்டா பக்கத்துல சாரம் ஊர்ல ஒரு ரூம்பு புடிச்சு தனியா இருந்துக்குவேன்டா," என்றாள் அக்கா. அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பத்திரிகையில் இரண்டு பிரதி வாங்கச் சொன்னாள். மை கொட்டிவிட்டால் இன்னொரு கூப்பன் வேண்டுமே. ஒன்றரை மாதம் அகராதியைப் புரட்டி, இருபது சொற்களையும் அழகாக எழுதி, கேட்ட எழுத்துகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டாள். பிரெஞ்சு எல்லைக்குள் இருப்பவர்கள் கலந்துகொள்ள முடியாது என்பதால் கடலூர்ப் பெரியப்பா பெயரில் எழுதி, அங்கே போய்த் தபாலில் போட வேண்டிய பொறுப்பு எனக்கு. ஊருக்கே உபகாரம் செய்கிற தோரணையில் மோட்டார் பஸ் ஏறினேன்.

எல்லையில் வெள்ளைக்கார இந்தியாவின் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும். சாராயமும் சென்ட்டும் பட்டும் தேடுவார்கள். என் பையில் அந்த உறைதான் இருந்தது. சேவகர் பிரித்தார்.

"இன்னாய்யா இது, எழுத்து எழுத்தா குறி போட்டிருக்கு?"

எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைப் படித்தார். "ரெவல்யூஷனரி." அவர் முகம் மாறியது. அதற்குப் புரட்சிக்காரன் என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே சொல் இருப்பது பயத்தில் தோன்றவேயில்லை. வெள்ளைக்காரனுக்குத் தப்பி வந்தவர்கள் எங்கள் ஊரில் ஒளிந்திருந்த காலம். ஒரு துண்டுக் காகிதம் போதும், ஆளை உள்ளே தள்ள.

அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் மேசையில் ஒரு வாரப் பத்திரிகை மடித்துக் கிடந்தது. அட்டையைப் பார்த்தேன், பார்த்ததை யோசிக்க எனக்குத் தெம்பில்லை. அவர் இருபது சொற்களையும் நிதானமாகப் படித்தார்.

"யார் எழுதுனது?"

"தெரியாதுங்க. வழியில கெடந்துச்சு."

"அப்ப இது உன்னோடது இல்ல?"

"இல்லீங்க."

"உங்க வீட்டு ஆளுங்க யாரும் எழுதலையே?"

"சத்தியமா இல்லீங்க."

"சரி, போ," என்றார். காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டு, கடலூர்ப் பக்கம் திரும்பாமல், வந்த வழியே ஊரை நோக்கி நடந்தேன்.

"போட்டுட்டியாடா?"

"போட்டுட்டேன்க்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயந்து நடுங்கியதைச் சொல்ல வெட்கம். இருபத்தொரு வயது மீசைக்கு அவ்வளவு மானம். அக்கா அன்று எனக்கு வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அக்கா முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். இருபதும் அவளுடையவை. கடைசி வரியை எனக்காகத் தமிழில் சொன்னாள். முதல் பரிசு பெறுபவர், கடலூர் எல்லைச் சாவடி அதிகாரி.

தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன். மேசையில் கிடந்த பத்திரிகை அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது போட்டி விடை என்று அந்த ஆளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அந்த ஆளைத் திட்டினேன், சபித்தேன்.

அக்கா அந்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அகராதிக்குள்ளிருந்து இரண்டாவது கூப்பனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொண்ணு எழுதிக் குடுத்திருப்பனேடா. கடைசித் தேதிக்கு ஒம்பது நாளு இருந்துச்சே."

சாரத்து அறை வாய்க்கவில்லை. கடைசி வரை அண்ணன் வீட்டில் கையாலேயே தைத்தாள். இன்று அக்கா இல்லை, அந்தப் பத்திரிகை இல்லை. அகராதியைக் கரையான் தின்றது.

பஸ் எல்லையை நெருங்கியது. அந்தப் பெண் இன்னும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்று சேவகர் எழுத்துக் கூட்டிப் படித்த அந்தச் சொல்லைச் சொன்னேன். அதைவிட நீளமானது உண்டோ என்னவோ, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"பதிமூணு எழுத்து. எப்பிடிங்க தாத்தா தெரியும்?"

வெளியே பார்த்தேன். சாவடி இருந்த இடத்தில் ஒரு பஞ்சர் கடை. பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"எங்கக்கா எழுதுனதும்மா," என்றேன்.