புளியமரத்தடியில் ஏற்றிய மாவிளக்கு

மாரியம்மனை நம்பியிருக்கும் அக்கா தங்கைகளுக்கு லட்சுமி சொல்லிக்கொள்வது. என் வலது கைக்கு இன்னும் பழைய பலம் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். தாய் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். மனிதர்கள் செய்ததையும் சேர்த்தேதான் சொல்வேன். இனிக்கும் பகுதியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் வீட்டுக்காரருடைய ஊர் கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில். பிழைப்பு ஓசூரில். அவர் ஒரு கம்பெனியில், நான் வேறொரு கம்பெனியில். வண்டிகளுக்கு வயர் கட்டும் லைனில் நின்றபடி வேலை. ஒருநாள் நின்றுகொண்டிருந்தபோதே நெஞ்சு கண்டபடி அடித்துக்கொண்டது. கண் இருட்டியது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார். உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வரும், கட்டாமல் இருக்க மாத்திரை தருகிறேன், ஒருநாளும் விடக்கூடாது என்றார். அன்றைக்கே தாயிடம் வேண்டிக்கொண்டேன். என்னைக் காப்பாற்று, சித்திரைத் திருவிழாவில் உனக்கு என் கையால் மாவிளக்கு எடுக்கிறேன் என்று.

மாத்திரை உயிரைக் காக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. பல் துலக்கினால் ரத்தம். வெங்காயம் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் துணியைச் சுற்றி அழுத்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார வேண்டும். எங்கே இடித்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது, கையெல்லாம் கன்றிப்போய் நாவல்பழ நிறத்தில் இருக்கும். என் பக்கத்தில் வேலை செய்யும் தளி ஊர்க்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஏனக்கா, கண்ட ஹொடீதானா?" என்று கன்னடத்தில் கேட்டாள். புருஷன் அடிக்கிறானா என்கிறாள். பாவம் அந்த மனுஷன், என்னை ஒரு சொல் அதட்டியதில்லை. அவருக்கு என் கம்பெனி முழுக்க அந்தப் பெயர் வந்துவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மாதவிலக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. வந்தால் நிற்காது. ஒரு வாரம், இரண்டு வாரம், சில மாதம் மூன்று வாரமும் ஓடும். லைனை விட்டு நகர வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்டு, எனக்குப் பதில் நிற்க ஆள் வந்த பிறகுதான் பாத்ரூம் போக முடியும். "இப்பத்தானேம்மா போயிட்டு வந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். ஒருநாள் யூனிஃபார்மில் பட்டுவிட்டது. ஷிப்ட் முடியும் வரை சுவரோரமாகவே நடந்தேன். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போவேன். பல்லில் ரத்தம் வருகிறதா, மலத்தில் வருகிறதா என்று டாக்டர் கேட்பார். இதைக் கேட்டதேயில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்கும்போது நானாகச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் தூரமானால் விளக்கேற்றக் கூடாது, சாமி படத்துக்குக் கிட்டே போகக் கூடாது. மாதத்தில் பாதிநாள் தூரமென்றால் நான் தாயை எப்போது கும்பிடுவது? ஊர்க் கோயிலைச் சுற்றித் திருவிழாவுக்கு வேப்பிலைத் தோரணம் கட்டுவார்கள். தூரமான பெண்கள் தோரணத்தைத் தாண்டக் கூடாது. எதிரே இருக்கும் புளியமரத்தடியில் நின்று பார்க்கலாம். இரண்டு திருவிழாவுக்கு நான் அந்த மரத்தடியில்தான் நின்றேன். வேண்டுதல் அப்படியே நின்றது. என்னைச் சாகவிடாமல் வைத்திருக்கும் மாத்திரையே என்னைத் தாயிடம் போகவிடாமலும் வைத்திருந்தது. அவள்மேலேயே கோபம் வந்தது. நீயும் பொம்பளைதானே, உனக்குமா புரியவில்லை என்று மரத்தடியிலிருந்தே திட்டியிருக்கிறேன்.

மூன்றாவது திருவிழாவுக்கு முந்தின வாரம் என் நாத்தனார் சரோஜா ஓசூருக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. கையில் ஒரு மாத்திரை அட்டை. திருவிழா, கல்யாணம் என்றால் தீட்டைத் தள்ளிப்போட எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் மெடிக்கலில் வாங்கிப் போடுவதுதான்.

"இத இன்னைக்கே ஆரம்பி. அந்த ரத்த மாத்திரைய திருவிழா முடியற வரைக்கும் நிறுத்திரு. ரெண்டும் ஒண்ணா போட்டா இது வேலை செய்யாது."

"டாக்டரு விடக்கூடாதுன்னாரு அண்ணி."

"தாயி வேண்டுதலையே மூணு வருசமா நிறுத்தி வெச்சிருக்கற. மாத்திரைய நாலு நாளு நிறுத்தறதுக்கு யோசிக்கறியா?"

வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் மாவிளக்கு எடுக்க வேண்டும், எடுத்தே ஆக வேண்டும் என்ற வெறியில் இருந்தேன். அண்ணி தந்ததைப் போட்டேன், ரத்த மாத்திரையை நிறுத்தினேன்.

திருவிழா அன்று காலையில் உடம்பு சுத்தமாக இருந்தது. தலைக்குக் குளித்து, மாவிடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழி செய்து நெய்யூற்றித் திரியிட்டேன். தட்டைத் தலைக்குமேல் தூக்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பம்பைச் சத்தத்தோடு தெருவெல்லாம் சுற்றித் தோரணத்தைத் தாண்டி உள்ளே போனேன். இன்னும் பத்தடி போனால் கோயில் வாசல். அப்போது வலது கை என் கை மாதிரியே இல்லை. தட்டு சாய்ந்தது, விளக்கு விழுந்தது, நானும் விழுந்தேன்.

எழுந்திருக்கப் பார்த்தேன், கால் கேட்கவில்லை. பேசப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. கூட்டம் என்னைச் சுற்றி நின்றது. "சாமி வந்திருக்குது!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணி என் நெற்றியில் விபூதி பூசி, "யாரும்மா வந்திருக்கற? பேசு தாயி!" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பம்பைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு அருள் கேட்கிறார்கள். வாய் திறக்காததால் மனசுக்குள் கத்தினேன். தாயே, உன் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், இதற்கு மேல் என்னால் வர முடியாது, நீ வா.

அவள் வந்தாள். கோயிலுக்குள்ளிருந்து வரவில்லை, புளியமரத்தடியிலிருந்து வந்தாள். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள் கவிதா, கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவள் தூரம். அதனால்தான் கூட்டத்துக்குள் சிக்காமல், மரத்தடியில் நின்று நான் விழுந்ததை முழுசாகப் பார்த்திருக்கிறாள். தோரணத்துக்கு அடியில் குனிந்து ஓடி வந்தாள்.

"ஏய், தூரத்தோட உள்ள வராதடி! தொடாத அவள!" அண்ணியின் குரல் பம்பையை மீறிக் கேட்டது.

கவிதா என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "அண்ணி, சிரிங்க. கைய தூக்குங்க." சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. "இது சாமி இல்ல, ஸ்ட்ரோக்கு. யாராச்சும் கார எடுங்க!" ஒருவரும் அசையவில்லை. தீட்டுக்காரி தொட்ட உடம்பைத் தொடலாமா என்று யோசித்திருப்பார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரும் அவளும்தான் என்னைத் தூக்கினார்கள்.

கிருஷ்ணகிரியில் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நேரத்துக்குப் போட்டுவிட்டார்கள். தாமதமாகியிருந்தால் அந்த ஊசி போட முடியாது என்றார் டாக்டர். நான் ஐசியூவில் கிடந்தபோது ஊரில் என்ன செய்தார்கள் தெரியுமா? கவிதா மிதித்த இடத்தை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பரிகாரப் பூஜை செய்தார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களைவிட அந்தப் பூஜைக்கு வந்தவர்கள் அதிகம்.

சில நாள் கழித்து அண்ணி குங்குமத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "உள்ளுக்குள்ள தீட்டு இருந்திருக்கும். அதான் தாயி அடிச்சிட்டா," என்றார். தாயிடம் அன்றாடம் கேட்டது பேச்சைத்தான். அது அந்த நிமிடம் வந்தது. குளறாமல் நான் சொன்ன முதல் வார்த்தை, "வெளிய போங்க அண்ணி." கட்டிலருகே இருந்த கவிதா கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

அவள்தான் என்னை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டு, இதய டாக்டரோடும் பேசி, உதிரத்தைக் குறைக்கும் மருந்துள்ள சின்னச் சாதனம் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார். உதிரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை முதலிலேயே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. இப்போது என் விரல்களால் சின்ன வயரைப் பிடிக்க முடியாது, லைன் வேலை போய்விட்டது. அந்த வருத்தம் போகாது. ஆனால் உயிரோடிருக்கிறேன், பேசுகிறேன், என் வீட்டு விளக்கை எந்த நாளாயிருந்தாலும் நானே ஏற்றுகிறேன்.

இந்தச் சித்திரையில் மறுபடியும் மாவிளக்கோடு ஊருக்குப் போனோம். வலது கைக்குப் பலம் போதாததால் தட்டை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். போன அன்று காலையில் கொஞ்சம் உதிரம் பட்டது. மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் நேராகப் புளியமரத்தடிக்குப் போய், கோயிலைப் பார்த்து உட்கார்ந்து, அங்கேயே மாவிளக்கை ஏற்றினேன். கவிதா அன்று உள்ளே போகலாம், ஆனாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மரத்தடியில் நின்ற மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். "இதெல்லாம் தாயி ஏத்துக்குவாளா?" என்று தோரணத்துக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி கேட்டார். நான் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டேன். நான் கூப்பிட்டபோது அவள் இங்கேயிருந்துதான் எழுந்து வந்தாள்.

என்னைப் போல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று அழும் அக்கா தங்கைகளே, தாயை நம்புங்கள். எந்த நாளிலும் கூப்பிடுங்கள். அடுத்த சித்திரைக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள், மரத்தடியில் இடம் இருக்கிறது. வரும்போது உங்கள் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு வாருங்கள்.